சுர்ரென்று குத்திய சார்ஜர்

என் கணவருக்குப் பார்வை போய் நான்கு வருடமாகிறது. சர்க்கரை முதலில் இடது கண்ணை எடுத்துக்கொண்டது. வலது கண் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு, நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அவருக்குத் துணை ஒரு செல்போன்தான். கல்யாணமாகி சேலத்தில் இருக்கும் எங்கள் மகள் வாங்கிக் கொடுத்தது. திரையில் விரலை வைத்தால் அங்கே என்ன இருக்கிறதென்று தமிழில் சொல்லும். இரண்டு தரம் தட்டினால் அது திறக்கும். அந்தக் குரல் ஒரு பெண்ணின் குரல். “உன்ன மாதிரி இல்ல, ஒரு தடவ கேட்டாலே பதில் சொல்லுது” என்று என்னைச் சீண்டுவார்.

மணி எத்தனை என்று அதில்தான் கேட்பார். செய்தி கேட்பார். எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் அவர் அடிக்குரல் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க முடியாததால், ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பாடல்களை யாராவது பாடிப் பதிவு செய்து அவருக்கு அனுப்பிவிடுவார்கள். வாரம் முழுக்க அதைப் போட்டுப் போட்டு மனப்பாடம் செய்துகொள்வார்.

நான் விடிகாலை ரயிலில் பெங்களூர் போகிறவள். அங்கே ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டு, நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் வேலை. கோலார் தங்க வயலில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான், ரயில் ஏறிப் போய் ரயிலில் திரும்புவது. இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேருவேன். நடுவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு போன் பண்ணுவார். “சாப்ட்டேன், மாத்திர போட்டுக்கினேன்” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் காலையிலிருந்து நான் வேலை செய்வது போல இருக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் அந்தப் போனோடு வந்த சார்ஜர் ஒருநாள் திடீரென்று வேலை செய்யவில்லை. மறுநாள் மாலை, பெங்களூர் ஸ்டேஷன் படிக்கட்டில் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் புதிதாக ஒன்றை வாங்கினேன். வெள்ளை வெளேரென்று, பழையதன் கூடப்பிறந்தது போல இருந்தது. ரயில் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருந்தது. நாள் பூராவும் பிறர் சட்டையில் குறை தேடுகிற நான், அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மூன்றாவது நாள் அவர் சொன்னார்.

“இன்னாமே, இந்த போன் கைய சுர்ருனு குத்துது.”

“எப்போ?”

“சார்ஜ்ல இருக்கும்போது தொட்டா. எறும்பு ஓடற மாதிரி இருக்குது.”

நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலில் செருப்பு போட்டிருந்ததால்தான் எனக்கு உறைக்கவில்லை என்பது அப்போது தோன்றவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் கை கால் விரல்களில் அப்படித்தான் குறுகுறுக்கும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். “அது உங்க சக்கரைங்க. போன் இன்னா பண்ணும்?” என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சும்மா இருந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே வேறொரு கூத்தும் நடந்தது. சார்ஜ் போட்டபடி தொட்டால் போன் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. ஒன்றைத் தொட்டால் வேறொன்றைத் திறந்தது. தட்டாமலே தட்டியது போல நடந்துகொண்டது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். கன்னடக்காரர், சிரித்தே பார்த்திராத மனிதர். தன் போனை என் காதில் வைத்தார். உள்ளே என் கணவர் உருகி உருகி ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். எப்போதோ அவசரத்துக்கென்று நான் அவர் போனில் பதிந்து வைத்திருந்த சூப்பர்வைசர் நம்பருக்குப் போன் தானாகவே அழைத்திருக்கிறது. “ஐந்து நிமிஷமா கேட்டுட்டிருக்கேன். நல்ல குரல்ம்மா” என்றார் சூப்பர்வைசர், அரைத் தமிழில். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தேன். இரண்டு பேரும் சிரித்து முடித்து, அதே சார்ஜரில் அதே போனைச் செருகினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் போன் வரவில்லை. ஒன்றே கால் ஆனது. நானே அழைத்தேன். போன் அணைந்திருக்கிறது என்றது பதிவுக்குரல். ஒன்றரைக்கு என் போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரி. நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், காலை வேலை முடிந்து பகலில் வீட்டில் இருப்பாள்.

“அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் நல்லாக்கீறாரு. எங்க வூட்லதான் குந்தினு இருக்கறாரு.”

பயப்படாதே என்று தொடங்கும் பேச்சைக் கேட்டுப் பயப்படாதவர் யார்?

“இன்னா ஆச்சு, சொல்லு.”

“சார்ஜரு தீஞ்சிப் போச்சுக்கா. பெட்ஷீட்டு கொஞ்சம் எரிஞ்சிச்சு. அவ்ளோதான். அண்ணன்கிட்ட குடுக்கறேன், பேசுங்க.”

அவர் குரல் வந்தது. “ஒண்ணும் இல்ல. வேலய முடிச்சிக்கினே வா.”

நான் முடிக்கவில்லை. சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்டதும் கையைக் காட்டிப் போகச் சொன்னார். அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்கு நேர் ரயில் கிடையாது. கிடைத்த ரயிலில் பங்காருபேட்டை வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டு வந்தது நெருப்பை அல்ல. “அது உங்க சக்கரைங்க” என்று நான் சொன்னபோது அவர் வாயெடுத்து நிறுத்தினாரே, அதைத்தான்.

எதிர்வீட்டில் அவரும் அவளும் சேர்ந்து நடந்ததைச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் போனைச் சார்ஜில் போட்டுக் கட்டிலின்மேல் வைத்திருக்கிறார். சார்ஜர், கட்டிலில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில். சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது டிக் டிக்கென்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தாராம். பிறகு நாற்றம்.

“அந்த நாத்தம் எனக்குத் தெரியும்மே. லேம்ப் ரூம் நாத்தம்” என்றார்.

அவர் இளவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உள்ளே இறங்கியவர் அல்ல. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் லேம்ப் ரூம் என்று ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் தலைவிளக்கையும் இடுப்பு பேட்டரியையும் அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றை வரிசையாகச் சட்டத்தில் மாட்டிச் சார்ஜ் போட்டு, அடுத்த ஷிஃப்டுக்குத் தயாராக வைப்பது இவர் வேலை. சுரங்கத்தை மூடும்வரை ஆறேழு வருடம் அதைச் செய்தார். பிறகு பெங்களூரில் வேன் ஓட்டினார். லேம்ப் ரூமைப் பற்றி அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். வயர் தீய்ந்தால் வருகிற நாற்றம் மூக்கில் ஏறியதும், கட்டில் பக்கம் போகாமல், சுவரைத் தடவிக்கொண்டே வாசல் பக்கம் போய், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளியிருக்கிறார். அப்புறம்தான் கதவைத் திறந்து கத்தியிருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரி ஓடி வந்திருக்கிறாள். “உள்ள பொகையாக்கா. அண்ணன் ‘தண்ணி ஊத்தாத, மெயின் ஆஃப் பண்ட்டேன், மொதல்ல ஒயர இழு’ன்னு கத்தறாரு. துடப்பக் கட்டையால ஒயர இழுத்துத் தள்ளுனேன். பெட்ஷீட்ட சுருட்டி வெளிய வீசுனேன். போன தனியா எடுத்து அணைச்சி வெச்சேன்.” தெருவில் கிடந்த அந்தப் போர்வையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரம் இன்னும் கறுத்துச் சுருண்டிருந்தது. மெத்தையில் ஒரு பழுப்பு வட்டம். அவள் கையில் சின்னதாக ஒரு கொப்புளம். அதற்கு என்னென்னவோ தடவியிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். அழுகை வந்துவிட்டது.

“அய்ய, இதுக்கு இன்னாக்கா அழுவுறீங்க? டீ குடிங்க மொதல்ல” என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரிடம் சொன்னேன். “நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்ங்க.”

“எனக்கே சந்தேகமா போச்சு. கண்ணுதான் போச்சு, வெரலும் போச்சோன்னு நெனச்சேன்.” அவர் கொஞ்ச நேரம் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். “வெரலு நல்லாதான் இருக்குது” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். எரிந்த மெத்தையின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் லீவு போட்டேன். இரண்டு பேரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். கடைவீதியில் செல்போன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரி சொல்லியனுப்பிய கடை, மார்க்கெட்டுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு பெண் தனியாக நடத்துவது. முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கடையில் மூன்று பாஷையும். நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததையெல்லாம் சொல்லி, தீய்ந்த சார்ஜரை முதலில் அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் வைத்தாள். பக்கத்திலிருந்த வேறொரு சார்ஜரை இன்னொரு கையில் வைத்தாள்.

“ரெண்டும் எப்படி இருக்குது சார்?”

“இது காத்தாட்டம் இருக்குது. இதுல கனம் இருக்குது.”

“அதான் சார். உள்ள இருக்க வேண்டியது இதுல இல்ல.” தீய்ந்ததை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து எனக்குக் காட்டினாள். கறுத்துப்போன ஒரு சின்னப் பலகை. கரன்ட் வரும் பக்கமும் போனுக்குப் போகும் பக்கமும் உள்ளே தனித்தனியாக, நல்ல இடைவெளி விட்டு இருக்க வேண்டுமாம். இதில் இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் அகலம்கூட இல்லை. “சாருக்கு கை சுர்ருனுச்சுன்னு சொன்னீங்களே, அது நெஜந்தான். மெயின் கரன்ட்டு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்குது. டச்சு ஏடாகூடமா வேலை செஞ்சதுக்கும் அதான் காரணம். அப்படி ஆச்சுன்னா உடனே புடுங்கிடணும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்திலிருந்து என் முழங்கையைத் தொட்டார்.

புதிய சார்ஜர் எதையும் அவளாக எடுத்து நீட்டவில்லை. நான்கைந்தைக் கண்ணாடி மேசையில் பரப்பி, எங்களையே பார்க்கச் சொன்னாள். எனக்குக் கண் வேலை, அவருக்குக் கை வேலை. பெட்டியில் மட்டுமல்லாமல் சார்ஜரின் உடம்பிலேயே ஐஎஸ்ஐ முத்திரை தருகிற பிஐஎஸ் நிறுவனத்தின் குறியும், அதனோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு நம்பரும் இருக்கிறதா என்று நான் படிக்க வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது, நாங்கள் கொண்டுபோயிருந்த, போனோடு வந்த பழைய சார்ஜரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தது. “தன் பேரையே தப்பா எழுதறவன் உள்ள இன்னா ஒழுங்கா வெச்சிருக்கப் போறான்?” என்றாள். அவர் பின்களை ஆட்டிப் பார்த்தார். மேல்மூடியும் கீழ்மூடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினார். ஒன்றில் நகம் தட்டியதும் அதை ஒதுக்கினார். கடைசியில் அவர் எடுத்ததும் நான் எடுத்ததும் ஒன்றாகவே இருந்தன. எங்கள் கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட இத்தனை ஒற்றுமை இருக்கவில்லை.

வாங்கிவிட்டுப் போனில் செருகிப் பார்த்தால், சார்ஜ் ஏறவில்லை.

போனும் போய்விட்டதா? அந்தப் பெண்குரல், பாட்டுப் பதிவுகள், மதியம் வரும் அந்த ஒரு வரி, எல்லாமா? அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

அவள் பதறவில்லை. “இருங்க, ஒண்ணொண்ணா பாக்கலாம்” என்றாள். முதலில் அதே சார்ஜரைத் தன் போனில் செருகினாள். ஏறியது. “சார்ஜர்ல தப்பில்ல.” பிறகு சார்ஜரை அப்படியே விட்டு, ஒயரை மட்டும் மாற்றி எங்கள் போனில் செருகினாள். ஏறவில்லை. “அப்போ ஒயரும் இல்ல. போன்லதான்.” போனை அணைத்துவிட்டு, அதைக் கண்ணாடி மேசையில் மல்லாத்தி வைத்து விரலால் லேசாகச் சுழற்றினாள். பேட்டரி உப்பியிருந்தால் பம்பரம் போலச் சுற்றுமாம். போன் தட்டையாகக் கிடந்தது, சுற்றவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு சார்ஜ் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“சார், போன எங்க வெச்சிக்குவீங்க?”

“சட்ட பாக்கெட்டுல. எப்பவும் பாக்கெட்டுலதான்.”

சிரித்துக்கொண்டே ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்தாள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடக்கூடாது, மரக்குச்சிதான் என்று சொல்லிக்கொண்டே மெல்ல நெம்பினாள். பஞ்சு வந்தது. சாம்பல் நிறத்தில், சின்ன உருண்டையாக, அமுங்கி அமுங்கி இறுகிப்போன சட்டைப் பஞ்சு. இரண்டாவது தரம் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். போனை மறுபடி இயக்கி ஒயரைச் செருகினாள். “சார்ஜ் ஆகிறது” என்று அந்தப் பெண்குரல் சொன்னது.

அவர் கையை நீட்டி மேசையைத் தடவி, போனைக் கண்டுபிடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். “ஸ்தோத்திரம்” என்று மெல்லச் சொன்னார். பிறகு கடைக்காரியைப் பார்த்து, அவள் இருப்பதாக அவர் நினைத்த பக்கம் பார்த்து, சொன்னார்: “லேம்ப் ரூம்லயும் மொதல் வேல இதாம்மா. வெளக்கு ஏறலன்னா காண்டாக்ட்ட தொடைன்னுவாங்க. எனக்குத் தோணவே இல்ல பாரு.”

“நானே தெனமும் மறந்துட்றேன் சார்” என்றாள் அவள். பஞ்சு எடுத்ததற்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, “அக்கா, தீஞ்ச சார்ஜரோட பின்னு கறுத்திருக்குது பாருங்க. உங்க எக்ஸ்டென்ஷன் பெட்டியும் தளர்ந்திருக்கும். அத தூக்கிப் போட்டுடுங்க. கட்டில் மேல, தலகாணி கீழல்லாம் வெச்சி சார்ஜ் போடாதீங்க” என்றாள். எங்களுக்கு அவள் யார்? முன்பின் பார்த்ததில்லை. ஒரு காலைப்பொழுதின் முக்கால் மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தாள்.

பாடகர் குழுவில் ஒருவர் வயரிங் வேலை செய்கிறவர். சனிக்கிழமை அவரே வந்து, தாமாகவே, படுக்கையறைச் சுவரில் புதிய பிளக் பாயின்ட் ஒன்றை இடுப்பு உயரத்தில் வைத்துக் கொடுத்தார். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் வயரிங் எல்லாம் எந்தக் காலத்திலோ போட்டது. எர்த் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைக் கண்டு, அதையும் சரிசெய்தார். பாயின்டுக்குக் கீழே ஒரு மரப்பலகை அடித்து, அதன்மேல் ஒரு பீங்கான் தட்டு வைத்தோம். போன் சார்ஜ் ஏறும்போது இப்போது அந்தத் தட்டில் இருக்கும். காலையில் அவர் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுகிறார். நடுவில் ஒரு தரம் சார்ஜரைத் தொட்டுப் பார்ப்பார். இளஞ்சூடு இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பிடுங்கிவிட வேண்டும். இதுவரை பிடுங்க நேரவில்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. புடவை எடுத்துக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். யோசித்து யோசித்து, அதே கடையில் அதே போல ஒரு சார்ஜரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஊருல இருக்கறவங்க உசுரக் காப்பாத்துனா சங்கிலி போடுவாங்க. நீங்க சார்ஜரு குடுக்கறீங்களே அக்கா!”

“உன்னுத எடு பாக்கலாம்” என்றேன்.

எடுத்து வந்தாள். காற்றைப் போல இருந்தது. முத்திரை இல்லை, நம்பர் இல்லை. ஒயரின் கழுத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அதன்மேல் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். நான் அதை அவள் கண் முன்னாலேயே கத்தரியால் நறுக்கினேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தாள். “இத்த போட்டுக்கினுதான் எம்பொண்ணு தெனம் பேசினு இருக்குது” என்றாள். பிறகு புதியதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினாள்.

பாயின்ட் வைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் அவர் எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், சார்ஜர், பஞ்சு, மெயின் சுவிட்ச் என்று எதையெல்லாமோ முன்னும் பின்னுமாகச் சொன்னேன். எனக்காக ஓடி வந்தவளையும், பஞ்சு எடுத்தவளையும், பாயின்ட் வைத்தவரையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் விரல் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். முன்வரிசையில் பாடகர்களோடு உட்கார்ந்திருந்த அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் உட்கார்ந்ததும் பாட்டு தொடங்கியது. பத்து குரல்களுக்கு அடியில் அவர் குரல் தனியாக எனக்குக் கேட்டது.